மலை மீனும் கடைமடை நீரும்



அறந்தாங்கிக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயின் கடைசிப் பகுதியில் பாசனம் பெறும் ஒரு சிற்றூர் என் பிறந்த ஊர். அதற்கு அண்மையில் இருந்த பள்ளியிலேயே பல்லாண்டுகள் வரலாறும் புவியியலும் கற்பித்தேன். ஒருமுறை மாணவர்களை நீலகிரிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். அவலாஞ்சியில் அரசு நடத்தும் டிரவுட் மீன் பொரிப்பகத்தையும் பார்த்தோம். மலை ஓடையிலிருந்து வந்த நீர் தொட்டிகளின் வழியே சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதனுள் விரல் நீளக் குஞ்சுகள், நீரோட்டத்தை எதிர்த்து, ஒரே திசையில் தலை வைத்து நின்றன.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “ஐயா, இந்த ஓடை எங்கே போகிறது?”

“குந்தா ஆற்றில் சேரும். குந்தா பவானியில் சேரும். பவானி காவிரியில் கலக்கும். காவிரி கல்லணைக்கு வரும். அங்கிருந்து நம் கால்வாய்க்கும் வரும்” என்றேன்.

“அப்படியானால் இந்த மீன் நம் ஊர் ஏரிக்கு வருமா, ஐயா?”

“வராது. இது குளிர்ந்த நீரில் வாழும் மீன்” என்று விடை கூறினேன். அவன் அத்துடன் விடவில்லை. “தண்ணீர் மட்டும் வருகிறதே, ஐயா?” என்றான்.

நேரமாகிவிட்டது என்று சொல்லி அவனை வண்டியில் ஏற்றினேன். ஆசிரியர்கள் விடை தெரியாதபோது கைக்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகே அவ்வினாவை உரிய முறையில் எண்ணிப் பார்க்க எனக்குப் பொழுது கிடைத்தது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இம்மீன் நீலகிரிக்கு வந்த வரலாற்றைக் காண்போம். டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பா. வானவில் டிரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த ஆறுகள். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தாம் சென்று குடியேறிய நாடுகளுக்கெல்லாம் தம் ஊர் மலர்களையும் மரங்களையும் கொண்டு சென்றதுபோல இம்மீனையும் கொண்டு செல்ல விரும்பினர். குளிர்ந்த ஓடைக் கரையில் தூண்டிலுடன் நிற்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு மட்டுமன்று. பிறந்த மண்ணின் நினைவும் ஆகும்.

நீலகிரியில் இம்முயற்சியை 1863-இல் தொடங்கியவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிப் புகழ் பெற்றார். அத்தகைய அறிஞரின் முயற்சியும் பலிக்கவில்லை. காரணம் எளிது. அன்று சூயஸ் கால்வாய் வெட்டி முடிக்கப்படவில்லை. வெப்ப மண்டலக் கடலைக் கடந்து, சமவெளியின் வெயிலையும் கடந்து, உயிருள்ள முட்டைகளை மலையுச்சிக்குக் கொண்டு சேர்ப்பது எளிதன்று.

ஆயின் அதற்கு அடுத்த ஆண்டே உலகின் மற்றொரு கோடியில் அது கைகூடியது. 1864 சனவரியில் இலண்டனிலிருந்து ‘நார்போக்’ என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் மீன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்திற்குப் பிறகு அவை ஆஸ்திரேலியாவை அடைந்து, டாஸ்மேனியாத் தீவில் குஞ்சு பொரித்தன. அங்கிருந்து பழுப்பு டிரவுட் நியூசிலாந்துக்குச் சென்றது. 1880-களில் கலிபோர்னியாவிலிருந்து வானவில் டிரவுட்டும் அங்கு வந்து சேர்ந்தது.

நீலகிரியிலோ மீன் வருவதற்கு முன்பே அதற்குக் காவல் வந்துவிட்டது! 1877-இல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்கு செய்ய ஒரு சங்கம் தோன்றியது. 1879-இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. மீன்தான் வரவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்னும் மீன் வளர்ப்பு வல்லுநர் இப்பணியை ஏற்றார். 1907-இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்து மீன்துறை உருவான காலம் அது. வில்சன் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தருவித்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. பழுப்பு டிரவுட் நிலைபெறவில்லை. வானவில் டிரவுட் நிலைத்தது.

வில்சன் வென்றதற்குக் காரணம் யாது? மீனைக் கொண்டுவந்தது பாதி வேலைதான். அம்மீன் விரும்பும் நீரைத் தேர்ந்து, அந்நீர் இடைவிடாது ஓடும் இடத்தில் பொரிப்பகத்தை அமைத்தது மறுபாதி. அந்த மறுபாதி இல்லையேல் முதற்பாதி வீண்.

அம்மீன் விரும்பும் நீர் எத்தகையது? வானவில் டிரவுட் 10 பாகை முதல் 18 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீரில் நலமாக வாழும். 20 பாகையைத் தாண்டினால் அதற்கு இடர். 25 பாகையை நெருங்கினால் உயிருக்கே ஊறு. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும். கடல் மட்டத்தில் 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் அது ஏறக்குறைய ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நம் விராலும் கெளுத்தியும் சேற்றிலும் உயிர் தரிக்கும். விரால் நீர்ப்பரப்புக்கு மேலே வந்து காற்றையே உண்ணும். டிரவுட்டுக்கு அந்தத் திறன் இல்லை.

முட்டையிடுவதற்கும் அதற்குத் தனி இடம் வேண்டும். தாய் மீன் ஓடையின் அடியில் சிறு கூழாங்கற்களைத் தன் வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிட்டு மீண்டும் கற்களால் மூடும். கற்களின் இடுக்கு வழியே நீர் புகுந்து செல்ல வேண்டும். 10 பாகை வெப்பத்தில் முட்டை பொரிய ஏறக்குறைய 30 நாள் ஆகும். அந்த ஒரு மாதமும் நீர் வற்றுதல் கூடாது. வண்டல் படிந்து கற்களின் இடுக்கு அடைபடுதல் கூடாது. பெருவெள்ளம் கற்களைப் புரட்டுதலும் கூடாது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, அம்மலையில் எழுந்த அணைகளைப் பார்ப்போம்.

முக்கூர்த்தி மலையில் தோன்றும் ஆறு பைக்காரா. 1932-இல் அதன் நீரைக் கொண்டு சிங்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். மேலே பீடபூமியிலிருந்து குழாய்களின் வழியே நீர் 3,000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கி மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. தென்மேற்குப் பருவமழை நீரைத் தேக்கி வைத்துக் கோடையில் சிறிது சிறிதாக விடுவதற்கென 1938-இல் மேலே முக்கூர்த்தி அணை எழுந்தது. பின்னர் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களும், தொடர்ந்து மேல்பவானியும் உருவாயின. அந்த மின்சாரம் இந்நாட்டு ஆலைகளையும் கிணற்று மோட்டார்களையும் இயக்கியது. அதன் நன்மையை நான் மறுப்பவன் அல்லேன். எங்கள் ஊரில் முதன்முதலாக விளக்கு எரிந்த இரவின் மகிழ்ச்சியைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆயின் மீனின் கண்ணால் பாருங்கள். அணைக்கு மேலே பரந்த ஏரி. அங்கே விடப்படும் குஞ்சுகள் இரை தின்று பருக்கும். குளிர்காலத்தில் முட்டையிட ஏரியில் வந்து விழும் சிற்றோடைகளை நாடி மேலேறும். அணைக்குக் கீழே இருக்கும் மீனுக்கோ மேலே செல்லும் வழி அடைபட்டது. மழைக்காலத்தில் வழிந்தோடும் நீரோடு கீழே விழுந்த மீன் திரும்பி ஏற இயலாது.

அணைக்குக் கீழே என்று பொதுவாகச் சொல்கிறோம். அதிலும் இருவகை உண்டு. நீரைத் தேக்கி அதே ஆற்றில் விடும் அணைக்குக் கீழே கோடையிலும் ஓட்டம் இருக்கும். அது மீனுக்கு ஒருவகையில் நன்மையே. நீரைக் குழாய்க்குத் திருப்பிவிடும் அணைக்குக் கீழே ஆற்றுப்படுகை மட்டும் எஞ்சும். கோடையில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கும். குட்டை நீர் வெயிலில் சூடேறும். அங்கே அகப்பட்ட டிரவுட் நாளை எண்ண வேண்டியதுதான்.

மற்றொன்றும் உண்டு. மின்தேவை காலையில் ஒருவிதம், இரவில் ஒருவிதம். தேவை ஏறும்போது மடை திறக்கும், தணியும்போது மூடும். மின்நிலையத்துக்குக் கீழே ஆறு ஒரே நாளில் பெருகிச் சுருங்கும். கரையோரம் மேயச் சென்ற குஞ்சுகள், நீர் திடீரென வடியும்போது கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். மேலும், ஆறு உருட்டிவரும் கூழாங்கற்கள் அணையின் பின்னே தங்கிவிடுவதால், கீழே முட்டையிடும் மேடை நாளடைவில் தேய்ந்துபோகும்.

இதற்கு மாறான காட்சியையும் வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஓடும் வெள்ளாறு ஒரு காலத்தில் வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன்களின் இல்லம். 1951-இல் அங்கே புல் ஷோல்ஸ் என்னும் உயர்ந்த அணை கட்டி முடிந்தது. ஆழமான ஏரியின் அடியில் இருக்கும் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். அந்த அடிநீரை வெளியே விட்டதால் கீழே ஆறு குளிர்ந்தது. பழைய மீன்கள் அங்கு வாழ முடியாமற் போயின. அரசு டிரவுட் குஞ்சுகளை விட்டது, அவை செழித்தன. அதற்கெனவே 1957-இல் அப்பகுதியில் ஒரு பொரிப்பகமும் எழுந்தது. அணை ஒரு மீனை வெளியேற்றியது. மற்றொரு மீனுக்கு இடம் தந்தது. ஆயினும் வானவில் டிரவுட் அங்கு பெரும்பாலும் மனிதர் மீண்டும் மீண்டும் குஞ்சு விடுவதாலேயே தொடர்கிறது.

இனி, மாணவன் கேட்ட வினாவுக்கேற்ப மலையிலிருந்து நீரோடு கீழே இறங்குவோம். பைக்காரா மலையடிவாரத்தில் மோயாறு என்னும் பெயர் பெறுகிறது. மோயாறும், குந்தா நீரைச் சுமந்துவரும் பவானியும், 1955-இல் முடிந்த பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் ஒன்றுகூடுகின்றன. அங்கே வயல்களுக்குப் போனது போக எஞ்சிய நீர் பவானிக் கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. அங்கு டிரவுட் இல்லை, இருக்கவும் இயலாது. சமவெளியின் வெப்பமே அதற்கு வேலி.

ஆனால் காவிரியில் வேறொரு மீன் இருந்தது. அதை எவரும் கப்பலில் கொண்டுவரவில்லை. எவரும் குஞ்சு பொரித்து விடவில்லை. அதன் பெயர் உல்லம். வங்காளத்தார் ‘இலீசு’ என்று போற்றும் மீன் அதுவே. கடலில் வாழ்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது அந்நீரை எதிர்த்து ஏறி வந்து முட்டையிடும் இயல்புடையது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கீழணை கட்டியபோதே அதன் வழியில் முதல் தடை விழுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் மீன் ஏறிச் செல்ல வழி அமைத்துப் பார்த்தனர். அது பயன் தரவில்லை. டிரவுட்டை நிலைபெறச் செய்த அதே வில்சன், கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றார். மலையில் கைகூடிய கலை இங்கே கைகூடவில்லை.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அவ்வணை, சூனிலும் சூலையிலும் கரைபுரண்டு வந்த வெள்ளத்தை மடக்கி, அளந்து, வயலுக்கு அனுப்பியது. உழவனுக்கு அது பெரும் பேறு. உல்லத்துக்கோ, கடலுக்குள் வந்து அதனை அழைத்த வெள்ளத்தின் குரல் தணிந்துவிட்டது. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ், மேட்டூர் அணை மீன்வளத்துக்குத் தந்த பாடங்களைப் பற்றி 1941-இலேயே ஆராய்ந்து எழுதினார். காவிரி உல்லம் நாளடைவில் அருகிப் போயிற்று. இன்று நம் பிள்ளைகளுக்கு அப்பெயரே தெரியாது.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, நாம் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த மீன். மற்றொன்று, தானே வந்துகொண்டிருந்த மீன். முதலாவதற்குப் பொரிப்பகம், சட்டம், சங்கம், காவல் எல்லாம் இருந்தன. இரண்டாவதற்கு வேண்டியது உரிய மாதத்தில் ஒரு வெள்ளம் மட்டுமே. அதை மட்டும் நாம் தரவில்லை.

இறுதியாக நம் ஊருக்கு வருவோம். மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக 1934-இல் கல்லணைக் கால்வாய் திறக்கப்பட்டது. அது தஞ்சை, பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கிப் பக்கம் வந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. கோடையில் எங்கள் பக்கத்து ஏரிகள் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் வலையுமாக ஊரே உள்ளே இறங்கும். விரால், கெளுத்தி, குறவை ஆகியவற்றோடு கட்லாவும் ரோகுவும் கிடைக்கும். இவ்விரண்டும் வடக்கிலிருந்து வந்தவை. ஏரியில் நன்கு வளரும். ஆனால் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கும் ஓடும் வெள்ளம் வேண்டும். 1957 சூலை 10-ஆம் நாள் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தார். அதன்பிறகே குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தன. அந்நாளையே இந்தியாவில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆகவே எங்கள் ஏரிக் கட்லாவும் மலையேரி டிரவுட்டும் உறவினர் அல்லவாயினும் ஒரே நிலையில் உள்ளவை. குஞ்சு விடும் கை நின்றால் இரண்டும் குறைந்துபோகும்.

என் தந்தையார் கடைமடை உழவர். நான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஆண்டு, நாற்றங்காலில் பயிர் நின்றது. கால்வாயில் நீர் இல்லை. மேலே திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். எங்கள் மடைக்கு நீர் வராது. தந்தையார் ஒவ்வொரு நாளும் விடியலில் வாய்க்கால் கரைக்குப் போய், ஈரம் தெரிகிறதா என்று குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். நீர் வந்தபோது நாற்று கருகிவிட்டிருந்தது. வந்த நீரின் அளவு குறைவன்று. வந்த நாள்தான் தவறியது.

அணைக்குக் கீழே வாழ்வது என்றால் என்ன என்பதை நான் அன்றே கண்டேன். டிரவுட்டைப் பற்றிப் படித்தபோது அந்தக் காலை நேரங்களே என் நினைவுக்கு வந்தன. அணையிலிருந்து ஆண்டு முழுவதற்கும் இத்தனை கன அடி நீர் விட்டோம் என்று கணக்கில் எழுதிவிடலாம். முட்டை கல்லுக்கடியில் இருக்கும் 30 நாளில் எத்தனை நாள் ஆறு ஓடியது என்பதே மீனின் கணக்கு. நாற்று நடும் வாரத்தில் நீர் வந்ததா என்பதே கடைமடையின் கணக்கு.

இந்தக் கணக்கை அரசுகளும் இப்போது எழுதத் தொடங்கியிருக்கின்றன. 2018 அக்டோபரில் கங்கையின் மேற்பகுதியில் அணைகளுக்குக் கீழே எப்போதும் ஓடவேண்டிய குறைந்த அளவு நீரைப் பருவத்திற்கேற்ப இந்திய அரசு வரையறுத்தது. ஆறு என்பது குழாயன்று என்று சட்டம் ஒப்புக்கொண்டதாக இதை நான் கொள்கிறேன்.

டிரவுட்டை மேலும் மேலும் பரப்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முக்கூர்த்திப் பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. அம்மலை ஓடைகளில் முன்பே வாழ்ந்த சிறு மீன்களுக்கும் தவளைகளுக்கும் இந்த வந்தேறி மீன் பகையா என்று ஆராய வேண்டியிருக்கிறது. உங்களுள் விலங்கியல் பயில்வோர் அதனை ஆராய்க. வரலாறு பயில்வோர்க்கு நான் சொல்வது இதுதான். அணை கட்டிய ஆண்டையும் அதன் உயரத்தையும் மனப்பாடம் செய்கிறீர்கள். அத்துடன், அணைக்குக் கீழே யார் யார் இருந்தார்கள், திறந்துவிட்ட நீர் அவர்களுக்கு எந்நாளில் சென்றது என்றும் கேளுங்கள்.

அவலாஞ்சியில் என்னை வினவிய மாணவனுக்கு இப்போது என் விடை: தம்பி, அந்த மீன் நம் ஏரிக்கு வராது. வழியில் வெயில் இருக்கிறது, அணைகள் இருக்கின்றன. ஆனால் அந்த மீனுக்கும் நமக்கும் மேலே இருப்பது ஒரே வகையான மடைதான். அதைத் திறக்கும் பொறுப்பில் ஒருநாள் நீ அமர நேர்ந்தால், கீழே குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்.